கைக்கு அடங்கிய கார்

அம்பாசிடரில் பழகிய டிரைவரை எந்த வண்டியில் உட்காரவைத்தாலும் தெரிந்துவிடும். ஸ்டியரிங்கின் மேல்பாதியை இரண்டு கையாலும் பற்றி, முதுகைச் சீட்டிலிருந்து சற்று முன்னுக்குக் கொண்டுவந்து, தோள்பட்டையால் திருப்புவார். பவர் ஸ்டியரிங் இல்லாத, ஆயிரத்து நூறு கிலோவுக்குக் குறையாத வண்டி அது. நின்ற இடத்தில் சக்கரத்தை ஒடிக்க வேண்டுமானால் உடம்பின் பலம் முழுவதும் கைக்கு வர வேண்டும். சேலத்தில் வாடகைக்கு அம்பாசிடர் ஓட்டிய எங்கள் பெரியப்பாவுக்குக் கடைசிவரை வலது தோள் இடதைவிடச் சற்றுத் தாழ்ந்தே இருந்தது.

முன்னால் ஒரே நீள சீட். டிரைவரோடு சேர்த்து மூன்று பேர் உட்காரலாம், நெருக்கினால் நாலு. கியர் கம்பி ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்ததால் நடுவில் உட்கார்ந்தவர் காலுக்கு இடைஞ்சல் இல்லை. ‘ஹாண்ட் கியர்’ என்று சொல்வோம். தேய்ந்துபோன வண்டியில் இந்தக் கம்பி இரண்டு கியருக்கு நடுவே சிக்கிக்கொள்ளும். இறங்கி, பானெட்டைத் திறந்து, கையால் தட்டி எடுத்துவிட்டுத்தான் மேலே போக முடியும். நேரான சாலையிலும் ஸ்டியரிங் சும்மா இருக்காது. இடமும் வலமுமாகக் கொஞ்சம் ஆட்டம் இருக்கும், அதை ஓட்டுபவர் ஓயாமல் சரிசெய்துகொண்டே போவார். ஆனால் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அந்த வண்டிக்கு நிகர் கிடையாது. பெரிய சக்கரமும், பின்னால் பட்டை ஸ்பிரிங்கும், வண்டியின் கனமும் சேர்ந்து சாலையின் குற்றங்களை விழுங்கிவிடும். பின் சீட்டில் இருப்பவர்கள் தூங்கிக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

சின்ன கார் அன்றைக்கு நம் ஊரில் இல்லாமல் இல்லை. சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் ஹெரால்டு தயாரித்தது. இருபத்தைந்து அடிக்குள் முழு வட்டம் அடித்துத் திரும்பும் கார் என்று அதற்குப் பெயர். மயிலாப்பூர் சந்துகளில் அது திரும்பும் அழகை இன்றும் பேசுகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். வேகமாக வளைத்தால் அதன் பின் சக்கரங்கள் உள்பக்கம் மடங்கிக்கொள்ளப் பார்க்கும், அது அந்த வடிவமைப்பின் குணம். பம்பாயிலிருந்து வந்த ஃபியட், பிறகு பத்மினி, நடுத்தரக் குடும்பங்களில் கொஞ்சம் வசதியானவர்களுக்கு. கார் என்றால் வாங்கும் விலையைவிட வைத்துக் காப்பாற்றும் செலவுக்குத்தான் பயந்தார்கள். லிட்டருக்கு ஒன்பது, பத்து கிலோமீட்டர் ஓடினால் அம்பாசிடர்காரர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

1983 டிசம்பர் 14 அன்று டெல்லியில் இந்திரா காந்தி முதல் மாருதி 800-ன் சாவியை வாடிக்கையாளர் ஒருவரிடம் கொடுத்தார். ஜப்பானின் சுசுகியோடு அரசு கைகோத்து, குர்கானில் தொடங்கிய தொழிற்சாலை. மூன்று சிலிண்டர், 796 சிசி. எஞ்சினைக் குறுக்காகக் கிடத்தி, முன் சக்கரங்களே வண்டியை இழுக்கும்படி அமைத்திருந்தார்கள். குறுக்கே கிடக்கும் எஞ்சினும் முன் சக்கர இழுவையும் சேர்ந்த சின்ன காரை 1959-லேயே இங்கிலாந்தில் மினி என்ற பெயரில் அலெக் இஸ்ஸிகோனிஸ் கொண்டுவந்துவிட்டார். நம் அம்பாசிடருக்கு மூலமான மோரிஸ் நிறுவனத்தின் பேரிலும் அந்த மினி விற்கப்பட்டது. இங்கிலாந்துக்காரர்கள் ஐம்பதுகளின் கடைசியில் தாண்டிப் போன இடத்துக்கு நம் பொதுமக்கள் வந்து சேர எண்பதுகள் ஆயிற்று.

முதலில் வந்த வண்டியைப் பார்த்துப் பட்டறைக்காரர்கள் சிரித்தார்கள். தகர டப்பா, ஒரு லாரி உரசினால் நசுங்கிவிடும் என்றார்கள். லாரியைப் பற்றி அவர்கள் சொன்னது பொய்யில்லை, அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் எடையில்தான் அந்த வண்டியின் சூட்சுமமே இருந்தது. அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சின் ஐம்பது குதிரைத்திறன் அளவுக்குத் தந்து ஆயிரத்து நூறு கிலோவை இழுத்தது. 800 நாற்பதுக்கும் கீழேதான் தந்தது, ஆனால் இழுக்க வேண்டியது அறுநூற்றைம்பது கிலோ அளவுதான். கிலோவுக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் சின்ன எஞ்சின்தான் பலசாலி. ஒருவர் மட்டும் ஏறிக்கொண்டு சிக்னலில் நின்றால், பச்சை விழுந்ததும் 800 கிளம்பிப் போவதை மற்றவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பெரியப்பா வாடகைத் தொழிலை விட்டுவிட்டு வீட்டுக்கென ஒரு 800 வாங்கினார். முப்பது வருடம் அம்பாசிடர் ஓட்டிய உடம்பு அதற்கு ஒத்துப்போகச் சில வாரம் பிடித்தது. கிளட்சை அவர் மிதித்த மிதிக்கு அது தரையில் போய் இடித்தது. பிரேக்கைத் தொட்டால் பின்னால் இருப்பவர்கள் முன்னால் வந்தார்கள். திருப்பத்தில் தோளைக் கொடுத்தார், வண்டி அவர் நினைத்ததைவிட இரண்டு மடங்கு திரும்பிவிட்டது. பிறகு ஒருநாள் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார்: “இது கூப்பிட்டாலே வர்ற வண்டிடா. இழுக்காத. விரலால சொல்லு, கேட்டுக்கும்.” அவரிடம் நான் கற்ற ஓட்டுநர் பாடங்களில் இதற்கு மேலான ஒன்று இல்லை.

ஏற்காடு மலையில்தான் இரண்டு வண்டிக்கும் உள்ள வித்தியாசம் முழுதாகத் தெரியும். இருபது கொண்டை ஊசி வளைவுகள். அம்பாசிடரில் வளைவுக்கு வெகு முன்னமே ஆயத்தம் தொடங்கும். ஹாரன் அடித்து, வேகத்தைக் கொன்று, சாலையின் வெளிவிளிம்புவரை போய், அங்கிருந்து இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை அள்ளி அள்ளி ஒடிக்க வேண்டும். பழைய வண்டிகளில் ஓடும்போது முதல் கியர் லேசில் விழாது. கிட்டத்தட்ட நிறுத்தினால்தான் விழும், இல்லையென்றால் பற்கள் கறகறவென்று அரைக்கும். கிளட்சை இரண்டு முறை மிதித்து, நடுவில் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு தட்டிப் போடத் தெரிந்தவர்கள்தான் அந்நாள் மலை டிரைவர்கள். பாதி மலையில் ரேடியேட்டர் கொதிக்கும். தண்ணீர் கேனோடு ஓரம் கட்டி நிற்கும் அம்பாசிடர்கள் அந்தச் சாலையின் பகுதியாகவே இருந்தன.

800-ல் அதே வளைவு இரண்டாம் கியரில் முடிந்துவிடும். முன் சக்கரங்களே இழுக்கும் சக்கரங்களாகவும் திரும்பும் சக்கரங்களாகவும் இருப்பதால், மூக்கு எங்கே காட்டுகிறதோ அங்கே வண்டி போகிறது. எஞ்சினின் கனம் முழுக்க அந்தச் சக்கரங்களின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. நாலரை மீட்டருக்குள் அடங்கும் திருப்பு ஆரம் என்பதால் வெளிவிளிம்புவரை போக வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் இதற்கென்று தனி மரியாதை ஒன்று உண்டு. வளைவின் நடுவில் அவசரப்பட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தால் மூக்கு உள்ளே வராமல் வெளியே வெளியே போகும். அதற்குப் பயந்து ஸ்டியரிங்கை இன்னும் ஒடித்தால் டயர் கத்தும், வண்டி வராது. காலைக் கொஞ்சம் எடுத்தால் போதும், மூக்கு தானாக உள்ளே திரும்பும். அம்பாசிடரில் ஈரச் சாலையில் அதிகம் மிதித்தால் பின்புறம் தனியே கிளம்பும். அங்கே பிடிக்க வேண்டியது வாலை, இங்கே மூக்கை. பெரியப்பா அந்த வித்தியாசத்தை ஒரே மழைக்காலத்தில் பிடித்துக்கொண்டார்.

ஆள் ஏறினால் மட்டும் கணக்கு மாறும். சராசரி அறுபத்தைந்து கிலோ என்று வைத்து நாலு பேர் ஏறினால் 260 கிலோ. அம்பாசிடருக்கு அது தன் எடையில் கால்பங்குக்கும் குறைவு. 800-க்கு ஐந்தில் இரண்டு பங்கு. காலியாக ஓட்டும்போது இருந்த வண்டி வேறு, குடும்பத்தோடு பழனிக்குக் கிளம்பும் வண்டி வேறு. பின்புறம் தாழும், மொத்தப் பாரத்தில் முன் சக்கரங்களின் பங்கு குறையும். செங்குத்தான ஏற்றத்தில், அதுவும் மழை பெய்து வழுக்கும் தரையில் நிறுத்திக் கிளப்பினால் முன் சக்கரம் சுற்றிக்கொண்டே நிற்கும். பின் சக்கரத்தால் தள்ளும் அம்பாசிடரோ பாரம் ஏற ஏறப் பிடிமானம் கூடும் வண்டி. பிரேக் பிடித்து நிற்கும் தூரமும் அப்படித்தான் நீளும். சின்ன கார் வாங்குகிறவர்களிடம் மைலேஜும் பிக்கப்பும் சொல்லி விற்கிறார்கள். இந்தப் பாரக் கணக்கை யாரும் எடுத்துச் சொல்வதில்லை, அது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

அடுத்தது காற்று. நாகர்கோவில் பக்கம் ஓட்டுபவர்களுக்கு ஆரல்வாய்மொழிக் கணவாயைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மலையிடுக்கு வழியே புகுந்து வரும் தென்மேற்குக் காற்றுக்காகத்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. ஆடி மாதத்தில் அந்த வழியே 800-ல் போனால், ஒரு லாரியின் மறைவிலிருந்து வெளியே வரும் கணத்தில் வண்டி பக்கவாட்டில் ஒரு முழம் நகர்வது உடம்பிலேயே தெரியும். கையை இறுக்கினால் அதிகமாகத் திருப்பிவிடுவோம். தளர்த்திப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, காற்று தள்ளும் பக்கம் கொஞ்சம் இடம் விட்டுப் போக வேண்டும். பழைய இருவழி திருச்சி சாலையில் எதிரே அரசுப் பேருந்து விசிறிக்கொண்டு போனாலும் இதே கதைதான். முதலில் ஒரு தள்ளு, பேருந்து கடந்ததும் ஒரு இழுப்பு.

இத்தனைக்கும் நடுவே அந்த வண்டி ஒரு தலைமுறையை நல்ல டிரைவர்களாக ஆக்கியது என்பேன். இருபுறமும் புளியமரம் நின்ற இருவழிச் சாலையில் லாரியை ஓவர்டேக் பண்ண நாலாம் கியரில் மிதித்தால் எதுவும் நடக்காது. மூன்றாவதுக்கு இறக்கி, எஞ்சினைக் கத்தவிட்டு, எதிர்ச் சாலை வெகுதூரம் காலியாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் வெளியே வர வேண்டும். பலம் இல்லாத வண்டி தொலைவைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது. ஓட்டத்தைத் தொலைக்காமல் வளைவுக்குள் போகக் கற்றுக்கொடுத்தது. பன்னிரண்டு அங்குலச் சக்கரம் விழுந்தால் இடுப்பொடியும் என்பதால் பள்ளத்தைத் தூரத்திலேயே கண்டுகொள்ளவும் கற்றுக்கொடுத்தது. ஸ்டியரிங் வழியே தார் எங்கே முடிகிறது, சரளை எங்கே தொடங்குகிறது என்பது விரலுக்குத் தெரிந்தது.

1998-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் இருந்து சான்ட்ரோ வந்தது. உயரமான கூரை, தலைப்பாகையோடும் கொண்டையில் பூவோடும் நிமிர்ந்து உட்காரலாம். 2000-ல் ஆல்டோ வந்தது, சில ஆண்டுகளில் 800-ன் இடத்தைத் தானே எடுத்துக்கொண்டது. கார்புரேட்டர் போய் எஞ்சினுக்குள் எரிபொருளை அளந்து பீய்ச்சும் முறை வந்தது. காலையில் சோக் இழுப்பது என்ற வேலையே மறந்துபோயிற்று. 2009-ல் வந்த நானோ எஞ்சினைப் பின்னால் கொண்டுபோய் வைத்தது. முன்புறம் லேசானதால் பவர் ஸ்டியரிங் இல்லாமலே ஊருக்குள் நன்றாக வளையும். நெடுஞ்சாலையில் வேகம் எடுத்தால் அந்த லேசான முன்புறமே ஓட்டுபவருக்குக் கவலை. 2015-ல் க்விட் ஒரகடத்திலிருந்து வந்தது. வெளிப்பார்வைக்குப் பெரிய வண்டியின் தோரணை, உள்ளே 799 சிசி.

இந்த வளர்ச்சியில் எனக்கு மிகப் பெரிய மாற்றமாகத் தெரிவது மின்சார பவர் ஸ்டியரிங். பெண்கள், வயதானவர்கள், தோள்வலிக்காரர்கள் எல்லோருக்கும் அது கதவு திறந்துவிட்டது. இன்றைய ஆல்டோவை நின்ற இடத்தில் ஒரு விரலால் ஒடிக்கலாம். ஆனால் சாலையின் பேச்சு விரலுக்கு வந்து சேர்வது குறைந்துவிட்டது. நூறில் போனாலும் முப்பதில் போனாலும் கையில் ஏறத்தாழ ஒரே கனம். 800 எண்பதைத் தாண்டினாலே எஞ்சின், டயர், கதவு, கண்ணாடி எல்லாம் சேர்ந்து சத்தம் போட்டுச் சொல்லிவிடும். இன்றைய சின்ன கார் நூறிலும் அமைதியாக இருக்கிறது. அதற்கு ஏற்ற நாலுவழிச் சாலையும் கிடைத்துவிட்டது. டயரின் அகலமோ இன்றும் அதே 145 மில்லிமீட்டர். இன்றைய ஆல்டோ கே10-ல் சக்கரம் பதின்மூன்று அங்குலமாக வளர்ந்ததே தவிர, தரையைத் தொடும் பட்டை அகலமாகவில்லை. வேகம் கூடிய அளவுக்குப் பிடிமானம் கூடவில்லை என்பதை ஓட்டுபவர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தகர டப்பா என்று பட்டறைக்காரர்கள் சொன்னதற்கு வருகிறேன். 2014 ஜனவரியில் 800-ன் உற்பத்தி நின்றது. சென்னை உள்ளிட்ட 13 பெருநகரங்களில் புகை விதி காரணமாக 2010-லேயே அதன் விற்பனை நின்றிருந்தது. 2014 மே மாதம் உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாசிடரும் நின்றது. ஜெயித்த வண்டியும் தோற்ற வண்டியும் ஒரே வருடத்தில் விடைபெற்றன. அதே வருடத் தொடக்கத்தில்தான் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவின் சின்ன கார்களை மணிக்கு 64 கிலோமீட்டரில் மோதவிட்டுப் பார்த்த முடிவுகள் வெளிவந்தன. ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ என்று காற்றுப்பை இல்லாமல் சோதித்த ஐந்துக்கும் பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்யம். குடும்பத்தோடு அந்த வண்டிகளில் போய்க்கொண்டிருந்த லட்சக்கணக்கானவர்களில் நானும் ஒருவன். படித்தபோது வந்த கோபம் இன்னும் தணியவில்லை. மலிவான காரில் போகிறவன் உயிர் மலிவானது என்று யாரோ முன்னமே முடிவுசெய்துவிட்டதுபோல் இருந்தது. 2019-ல் ஏபிஎஸ் பிரேக்கும் ஓட்டுநருக்குக் காற்றுப்பையும் கட்டாயம் ஆயின. பக்கத்து சீட்டுக்கும் பிறகு வந்தது. 2025 முதல் ஆல்டோ கே10-ன் எல்லா வகையிலும் ஆறு காற்றுப்பைகள் தரப்படுகின்றன. முப்பது ஆண்டு முன்னால் வந்திருக்க வேண்டியவை இவை. ஆனால் ஏபிஎஸ் என்பது சின்ன காரின் நடத்தையையே மாற்றிய கருவி. அடியோடு பிரேக் மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல், திருப்பினால் திரும்புகிற வண்டி இப்போதுதான் கிடைத்திருக்கிறது. ஈரத் தாரில் பூட்டிய சக்கரத்தோடு 800 நேராக வழுக்கிப் போனதை உள்ளே உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சின்ன கார் இவ்வளவு தேறிய காலத்தில்தான் ஜனங்கள் அதை விட்டு விலகினார்கள். இன்று நாட்டில் விற்கும் கார்களில் பாதிக்கு மேல் உயரமான எஸ்யுவி வகை. 2025 செப்டம்பரில் சின்ன கார்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்ததும் ஷோரூம்களில் இந்தப் பக்கம் மறுபடி கொஞ்சம் கூட்டம் திரும்பியது. பெரியப்பாவின் மகள், நாகர்கோவிலில் இருக்கும் எங்கள் அக்கா, பிள்ளைகள் வெளியூர் போனபின் பெரிய எஸ்யுவியைக் கொடுத்துவிட்டு ஆல்டோவுக்கு மாறினார். முதல் வாரம் போன் செய்தபோது, “ரோட்டுலயே உக்காந்து போற மாதிரி இருக்குடா. எதிர்ல வர்ற வண்டி லைட்டெல்லாம் நேரா கண்ணுக்குள்ள அடிக்குது” என்றார். அது உண்மையான கஷ்டம். உயரமான வண்டிகள் பெருகப் பெருக, தாழ இருப்பவர் கண்ணுக்கு இரவுப் பயணம் கடினமாகிக்கொண்டே வருகிறது. ஒரு மாதம் கழித்துப் பேசியபோது வடசேரி சந்தைப் பக்கம் எங்கே வேண்டுமானாலும் நிறுத்த முடிவதைப் பற்றியே பேசினார். எஸ்யுவியில் இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் எடுத்துத் திரும்பிய தெருமுனையில் இப்போது ஒரே ஒடியில் திரும்புகிறாராம். நான் ஆரல்வாய்மொழிக் காற்றைச் சொல்லி, பின் டயர் காற்றழுத்தத்தை வாரம் ஒருமுறை பார்க்கச் சொன்னேன். லேசான வண்டியில் இரண்டு மூன்று பவுண்டு குறைந்தாலே வண்டி அலைய ஆரம்பிக்கும்.

அக்காவுக்குச் சொல்ல நான் இருந்தேன். பைக்கில் நாலு பேராகப் போய்க்கொண்டிருந்து, கடன் வாங்கி முதல் கார் எடுக்கும் குடும்பத்துக்குச் சொல்ல ஆள் இல்லை. சின்ன காரின் உண்மையான சொந்தக்காரர்கள் அவர்கள்தான். டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொள்பவரும் சொல்லிக்கொடுப்பவருமாக இரண்டு பேர் ஏறிய வண்டியில் ஓட்டுகிறார்கள், ஆர்டிஓ மைதானத்தில் ரிவர்ஸ் எடுத்துக் காட்டி லைசென்ஸ் வாங்குகிறார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு, டிக்கி நிறையச் சாமானோடு கொடைக்கானல் மலை ஏறுகிறார்கள். எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு என்று பெரியப்பா காலத்து டிரைவர்கள் சொன்னதை இவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. இறக்கம் முழுக்க பிரேக்கிலேயே கால் வைத்து, சூடேறிய வாடை வந்தபிறகு பயந்து நிற்கிறார்கள். வண்டி தாங்கும், எஞ்சினும் தாங்கும், ஓட்டுபவருக்குத்தான் பாரத்தோடு அதன் குணம் தெரியாது. டிரைவிங் ஸ்கூல்கள் கடைசி வகுப்பிலாவது பின் சீட்டில் மூன்று பேரை உட்காரவைத்து, ஒரு பாலத்து ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்பவும், ஐம்பதில் போய் பிரேக் பிடித்து எங்கே நிற்கிறது என்று இறங்கிப் பார்க்கவும் சொல்லித்தர வேண்டும். அரைமணி நேர வேலை. ஆர்டிஓ தேர்விலேயே அதைச் சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது.